வன்னிப் பெருநிலத்தில் நான்கு நாட்கள்

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் என் மேசையைக் கடந்து சென்ற ஊர்ப்பெயர்களை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன். ஜனவரி 2 கிளிநொச்சி. ஜனவரி 9 ஆனையிறவு. ஜனவரி 25 முல்லைத்தீவு. பிறகு விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு மாலையும் எங்கள் ஓவியர் ஒரு வரைபடம் போடுவார். அதில் உள்ள அம்புக்குறி முந்தைய நாளைவிடச் சற்று முன்னேறியிருக்கும். அதன் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுவது என் வேலை. அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அங்கே என்ன விளைகிறது, எந்தக் கோயிலில் எந்த மாதம் திருவிழா, எந்த அரசன் எந்தக் குளத்தைக் கட்டினான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசகர்களுக்கும் தெரியாது. மே மாதத்தில் அம்புக்குறி கடலைத் தொட்டது. வரைபடம் போடும் வேலை நின்றது. அந்த ஊர்களும் எங்கள் பக்கங்களிலிருந்து மறைந்தன.

பணி ஓய்வுக்குப் பின் அந்தக் கடன் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது சென்னையிலிருந்து பலாலிக்கு நேராக விமானம் இருக்கிறது. நகரத்துப் போக்குவரத்து நெரிசலில் தாம்பரம் போய்த் திரும்பும் நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம். நானும் என் மனைவியும் அண்மையில் அப்படி இறங்கி, ஒரு காரை அமர்த்திக்கொண்டு, வன்னியை நான்கு நாட்கள் சுற்றி வந்தோம். ஆனையிறவு வழியே தெற்கே சென்று வவுனியா. அங்கிருந்து நெடுங்கேணி வழியாகக் கிழக்கே முல்லைத்தீவு. பின் பரந்தன் சாலையில் மேற்கே திரும்பிப் பூநகரி வழியாக மீண்டும் யாழ்ப்பாணம். வரைபடத்தில் பார்த்தால் இது ஒரு வட்டம். ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர், வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் அரை மணி நேரத்திலேயே என்னைச் சரியாக எடைபோட்டுவிட்டார்.

"ஐயா, இந்தியாவில இருந்து வாற ஆக்கள் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான். சண்டை எங்க நடந்தது எண்டுதான் கேப்பினம். குளம் எங்க இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அதனால் குளங்களையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

யானைகள் கடந்த வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதி ஆனையிறவு. இருபுறமும் ஆழமில்லாத கடனீரேரி, வெயிலில் மின்னும் உப்பளங்கள், நடுவே சாலையும் ரயில் பாதையும். 1991லும் 2000த்திலும் இங்கே நடந்த பெரும் சமர்களைப் பற்றி எங்கள் தலைமுறைச் செய்தியாளர்கள் அனைவரும் எழுதியிருப்போம். ஆனால் பெயரை நின்று நிதானித்துப் படித்தவர்கள் குறைவு. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் இந்த ஆழமற்ற நீரைக் கடந்தே குடாநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கிருந்து கப்பலேறி இந்தியக் கரைகளுக்குச் சென்றன.

யானைதான் அக்காலத்தில் வன்னியின் நாணயம். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் போர்த்துக்கேயரும், 1658க்குப் பிறகு ஒல்லாந்தரும் வன்னிச் சிற்றரசர்களிடம் கேட்ட திறை யானைகளே. பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி எனப் பல பற்றுகளாகப் பிரிந்திருந்த இந்நிலத்தை வன்னியர்கள் ஆண்டனர். யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் நடுவே அமைந்த அவர்கள், கேட்டபோதெல்லாம் யானை கொடுத்துவிடவில்லை. வருடக்கணக்கில் பாக்கி வைத்தார்கள். இந்நிலத்துக்கு அடங்காப்பற்று என்று ஒரு பெயர் உண்டு. அடங்காதவர்களின் பற்று என்று மக்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கடைசியில் 1782இல் ஒல்லாந்தர் படை நடத்தி வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். நாகெல் என்ற படைத்தலைவர் அதன் நிர்வாகியானார். ஆனையிறவில் ஒல்லாந்தர் ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தனர். பிற்காலத்தில் பயணியர் தங்கும் விடுதியாக மாறியிருந்த அது போரில் அழிந்தது.

குளங்களின் நாடு

வன்னியின் வரலாற்றைப் படிக்க நூலகம் தேவையில்லை, வழிகாட்டிப் பலகைகள் போதும். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், பாண்டியன்குளம், செட்டிகுளம் என்று ஊர்கள் குளங்களின் பெயரிலேயே வாழ்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, வடகிழக்குப் பருவமழையில் மட்டும் நனையும் சமநிலம் இது. மழையைத் தேக்காவிட்டால் நெல் இல்லை. நெல் இல்லாவிட்டால் ஊர் இல்லை. நாம் மதகு என்பதை இங்கே துருசு என்கிறார்கள். கலிங்கலை வான் என்கிறார்கள். குளம் நிரம்பி வழிந்தால் "வான் பாயுது" என்கிறார் ஓட்டுநர். அந்தச் சொல்லைக் கேட்டபோது என் மனைவி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

கிளிநொச்சியை ஒரு போர்த் தலைநகரமாகவே நாம் அறிவோம். உண்மையில் அது ஒரு குளத்தின் பிள்ளை. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முதற்கட்டம் நிறைவுற்றது. பின்னர் பலமுறை அணையை உயர்த்தினார்கள். யாழ்ப்பாணத்தில் நிலமில்லாமலும் வேலையில்லாமலும் இருந்தவர்களை இக்குளத்தை நம்பிக் குடியேற்றும் திட்டம் 1936இல் வந்தது. காடு வெட்டி வயலாக்கிய அந்த உழவர்களின் சந்தையாக வளர்ந்ததே இன்றைய நகரம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான்.

ஆனால் குளத்தின் பெயர் மனித வரலாற்றின் இன்னொரு முனையிலும் இருக்கிறது. இங்குள்ள செம்மண், சரளைக்கல் படிவுகளை வைத்து நிலவியலாளர்கள் ஒருவகைப் படிவத்துக்கு 'இரணைமடுப் படிவம்' என்று பெயரிட்டனர். அதே வகைப் படிவம் இலங்கையின் தென்கரையிலும் உண்டு. அங்கே புந்தல, பத்திராஜவெல ஆகிய இடங்களில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல ஆய்வு செய்து, ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பே கற்கருவிகள் செய்த மனிதர் வாழ்ந்ததைக் காட்டினார். கிளிநொச்சியின் ஒரு குளத்துப் பெயர் இலங்கை மனிதனின் மிகப் பழைய முகவரியாக நூல்களில் நிற்கிறது. நாங்கள் அணைக்கட்டில் நின்றபோது, எதிர்க்காற்றில் ஒரு சிறுவன் மிதிவண்டியை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். காலபோக நெல் பச்சையாக அடிவானம் வரை விரிந்து கிடந்தது.

முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பதுபோல் எங்களுடையதும் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கச்சான் என்பது நம் வேர்க்கடலை. மாங்குளத்தில் மேற்கே திரும்பி, மல்லாவி வழியாக வவுனிக்குளம் சென்றோம். பாலியாற்றை மறித்த பழம்பெரும் குளம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் குளங்களை அளந்து திரிந்த நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். துட்டகைமுனு காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்போது மகாவம்சம் குறிப்பிடும் 'பேலிவாபி' என்ற குளம் இதுவே என்பது அவர் கருத்து. அப்படியானால் அவனுக்கு முன்பே இக்குளம் இருந்திருக்க வேண்டும். அவனுக்கு முன் அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்டவன், சோழநாட்டிலிருந்து வந்த எல்லாளன். ஆகவே இது எல்லாளன் கட்டியது என்று சொல்வோரும் உண்டு.

அணையில் இறங்கி நடந்தபோது நான் நினைத்தது வேறொன்று. கட்டியவன் யாரென்று நாம் வாதிடுகிறோம். ஆனால் எல்லாளன் ஆண்டாலும் துட்டகைமுனு ஆண்டாலும் குளத்து நீர் அதே வயலுக்குத்தான் போயிருக்கும். கரையில் மண் சுமந்தவர்களின் மொழி என்ன என்று எந்த வரலாற்று நூலும் சொல்லவில்லை. இன்று அதே வயலில் நெல் விளைவிப்பவர்கள், 1950களில் இக்குளத்தைப் புதுப்பித்தபோது வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். போரில் ஓடி, முகாமில் கிடந்து, மீண்டும் வந்தவர்கள்.

விசாகன் என்ற வணிகன்

இரண்டாம் நாள் மாலை வவுனியா சேர்ந்தோம். கச்சேரி வளாகத்தில் பண்டாரவன்னியன் சிலை நிற்கிறது. அவரைப் பிறகு சந்திப்போம். ஊரில் ஒரு சிறு தொல்லியல் அருங்காட்சியகம் உண்டு. வன்னியில் கிடைத்த பழைய புத்தர் சிலைகளும் சுடுமண் உருவங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அந்தப் புத்தர் சிலைகள் முன் நின்றபோதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான கேள்வி எனக்கு எழுந்தது. இவை யாருடையவை?

இலங்கையில் இன்று இது வெறும் அறிவுக் கேள்வியன்று. மண்ணுக்கடியில் புத்தர் சிலை கிடைத்தால் அது சிங்களவரின் பழைய நிலம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மறுதரப்பில் சிலர், தமிழருக்கும் பௌத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் அத்தகைய சிலைகளைக் கண்டாலே முகம் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு நிலைகளும் ஒரே பிழையில் சந்திக்கின்றன. பௌத்தம் என்றால் சிங்களம் என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன.

இந்த இடத்தில்தான் வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளம் முக்கியமாகிறது. அங்குள்ள குன்றுகளில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த பல பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. பௌத்தத் துறவியர் உறைவதற்காக அளிக்கப்பட்ட குகைகளின் நெற்றியில், கொடுத்தவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டில் ஒரே பெயர் வருகிறது: விசாகன். அவன் யார் என்பதையும் கல்லே சொல்கிறது. அவன் இல்லத்தலைவன், வணிகன், 'தமேட'. அதாவது தமிழன். பேராசிரியர் பரணவிதான 1970இல் பதிப்பித்த இலங்கைக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் இவற்றைக் காணலாம். கல்வெட்டின் மொழி அக்காலப் பிராகிருதம். கொடையாளி தமிழன். கொடை பெற்றது பௌத்த சங்கம். மழையால் காட்டுப்பாதை சேறாகிக் கிடந்ததால் எங்களால் அக்குன்றுக்குப் போக முடியவில்லை. நான் அவனை அச்சில்தான் சந்தித்திருக்கிறேன்.

இவன் தனியொருவனும் அல்லன். அநுராதபுரத்தில் தமிழ் இல்லத்தலைவர்கள் கூடியமர்ந்த மண்டபம் ஒன்றைப் பற்றிய பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அவரவர் அமர்ந்த இடத்துக்கு நேராக அவரவர் பெயர். அவர்களில் ஒருவன் மாலுமி.

நான் பணியில் சேர்ந்த காலத்தில், எனக்குச் செய்தி எழுதக் கற்றுத்தந்த மூத்த உதவியாசிரியர் ஒருவர் இருந்தார். இடம் போதாமல் செய்தியை வெட்டும்போது அவர் எப்போதும் ஒன்று சொல்வார். "வாக்கியத்தைப் பாதியில் வெட்டாதே. பாதி வாக்கியம் பொய்யைவிட மோசம். பொய்யை மறுக்கலாம், பாதியை மறுக்க முடியாது." விசாகனின் கல்லை இரண்டு தரப்பும் அப்படித்தான் வெட்டுகின்றன. ஒருவர் குகை என்ற சொல்லை மட்டும் படிக்கிறார். மற்றவர் தமேட என்ற சொல்லை மட்டும் படிக்கிறார். கல்லில் இருப்பது முழு வாக்கியம்.

நம் ஊரைப் பார்த்தாலும் இதே கதைதான். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்தவன் சைவனான ராஜராஜ சோழன். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரார் நெடுங்காலம் வழிபட்டுவந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை அறிக்கை அளித்து, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்காகச் சேலத்தில் வேறு யாரோ வாழ்ந்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதே மக்கள்தான் ஒரு காலத்தில் புத்தரையும் மற்றொரு காலத்தில் முனியப்பனையும் வணங்கினார்கள். வன்னிக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

கற்சிலைமடு

மூன்றாம் நாள் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, நெடுங்கேணி வழியாக ஒட்டுசுட்டான் சென்றோம். அங்கே தான்தோன்றீஸ்வரர் கோயில். குரக்கன் அறுத்த தாளுக்குத் தீ வைத்தபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தலபுராணம். ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான். நாம் கேழ்வரகு என்பதே அவர்களுக்குக் குரக்கன். அரசர்கள் இல்லாத கோயில் கதை இது. சேனைப் பயிர் செய்த ஒரு விவசாயியே இதன் நாயகன்.

ஒட்டுசுட்டானை அடுத்துக் கற்சிலைமடு. பண்டாரவன்னியன் பெயரால் அறியப்படும் இடம். தமிழ்நாட்டில் இப்பெயரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது கலைஞர் கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்ற புதினம். நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நம் வரலாற்றோடு அது எவ்வளவு நெருங்கியது என்பது விளங்கும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபரில். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபரில். 1803 ஜூனில் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலப் படை அங்கே அழிந்தது. அப்போது கண்டி அரியணையில் இருந்தவன் நாயக்கர் மரபில் வந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். பின்னாளில் வேலூரில் சிறையிருந்து 1832இல் மாண்டவன். கண்டியில் ஆங்கிலேயர் தோற்ற இரண்டே மாதத்தில், 1803 ஆகஸ்ட் 25 அன்று, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி அங்கிருந்த ஆங்கிலப் படையை விரட்டினார். கோட்டைத் தளபதி டிரிபேர்க்கும் அவருடைய ஆட்களும் கடல்வழியே தப்பினர். அக்டோபர் 31 அன்று அதே டிரிபேர்க் கற்சிலைமடுப் பகுதியில் வன்னியனைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தார்.

அந்த வெற்றியைச் சொல்லும் ஆங்கிலக் கல் ஒன்று இங்கே நடப்பட்டது. அதில் இருந்தது மிகச் சிறிய வாசகம். இப்பகுதியில் இன்ன தளபதி இன்னாரை இன்ன நாளில் தோற்கடித்தார், அவ்வளவே. எனக்குப் பாதி வாக்கியம் மீண்டும் நினைவுக்கு வந்தது. ஆகஸ்ட் 25 அந்தக் கல்லில் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன் அதே தளபதி படகேறி ஓடியது அதில் இல்லை. மறுபுறம், வன்னியன் அன்றே வீரமரணம் அடைந்தார் என்று நம்மவர் மேடைகளில் முழங்குகிறோமே, அதுவும் அந்தக் கல்லில் இல்லை. தோற்கடித்தார் என்றுதான் கல் சொன்னது. கொன்றார் என்று சொல்லவில்லை. அவர் அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்து போராடினார் என்று கருதும் ஆய்வாளர்கள் உளர். தோற்ற பின்னும் அடங்காமல் காட்டுக்குள் தொடர்ந்த ஒரு மனிதர், ஒரே நாளில் விழுந்த நாயகனைவிடச் சிறியவரா? எனக்குப் பெரியவராகவே தெரிகிறார்.

2009க்குப் பிறகு அந்தக் கல்லும் விஷமிகளால் உடைக்கப்பட்டது. வென்றவன் எழுதிய கல்லென்றாலும், தோற்றவரின் பெயரையும் நாளையும் நமக்குக் காத்துத் தந்தது அதுதான். உடைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

குருந்தூர்மலையில் நடப்பது

முள்ளியவளையை நெருங்கும்போது ஓட்டுநர் தெற்கே கையைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் குருந்தூர்மலை" என்றார். தண்ணிமுறிப்புக் குளத்தருகே காட்டுக்குள் இருக்கும் குன்று அது. அங்கே பழைய பௌத்தக் கட்டட இடிபாடுகள் உண்டு. அதே குன்றில் ஆதி ஐயனாரைச் சுற்றுவட்டாரத் தமிழ் உழவர்கள் தலைமுறைகளாக வழிபட்டு வந்தனர். 2021 ஜனவரியில் அமைச்சர் ஒருவரின் முன்னிலையில் தொல்லியல் துறை அகழ்வைத் தொடங்கியது. எண்பட்டை வடிவக் கல் ஒன்று வெளிப்பட்டபோது அதைப் பல்லவர் கால லிங்கம் என்று ஒரு தரப்பும், தூபியின் உறுப்பு என்று மற்றொரு தரப்பும் கூறின. நீதிமன்றம் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டும் புதிய கட்டுமானம் எழுந்ததாக வழக்கு நடந்தது. வழக்கை விசாரித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி, 2023 செப்டம்பரில், தம் உயிருக்கு அச்சுறுத்தல் என்று கூறிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலையிலும் இதே கதைதான். 2023 மார்ச்சில் அங்கிருந்த தெய்வ உருவங்கள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. 2024 சிவராத்திரி வழிபாட்டின்போது சிலர் கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர்.

குருந்தூர்மலையில் பழங்காலத்தில் பௌத்தத் துறவியர் வாழ்ந்தார்களா என்று கேட்டால், வாழ்ந்தார்கள் என்பதே என் பதில். இடிபாடுகளை மறுப்பதால் பயனில்லை. அந்தத் துறவியருக்குச் சோறிட்டவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பெரியபுளியங்குளத்து விசாகன் ஒரு பதிலைக் கல்லில் வைத்திருக்கிறான். தமிழரும் பௌத்தராக இருந்தனர். பௌத்தர் போன பின் அதே குன்றில் ஐயனார் அமர்ந்தார். இந்த முழு வாக்கியத்தையும் பலகையில் எழுதி வைத்தால் எவருடைய வயலையும் எடுத்துக்கொள்ள முடியாது. பாதியை எழுதினால் முடியும். சுற்றியுள்ள வயல்களுக்குத் தொல்லியல் எல்லைக்கல் நடப்படும்போது, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கேள்வி அடுத்த போகத்து நெல்லைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

கடல்நீர் விளக்கு

முள்ளியவளையைத் தாண்டினால் நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்பாகக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து அந்த நீரில் விளக்கெரிப்பது இங்குள்ள மரபு. மதுரையை எரித்த கண்ணகி ஆறாச் சினத்தோடு வந்து இங்கே குளிர்ந்தாள் என்பது ஊரார் நம்பிக்கை. சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதே கண்ணகியைச் சிங்களவர் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். இங்கும் ஒரு முழு வாக்கியம்.

முல்லைத்தீவில் கோட்டையைத் தேடிச் செல்பவர் ஏமாந்து திரும்புவர். கடற்கரை இருக்கிறது, மீன்பிடிப் படகுகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இக்கரை பல்லாயிரம் உயிர்களை இழந்தது. நான்கரை ஆண்டுகளில் போர் இதே கரையில் முடிந்தது.

நான்காம் நாள் காலை வட்டுவாகல் பாலத்தில் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார். மூன்று நாட்களாக ஓயாமல் பேசிவந்தவர், அங்கே ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "இந்தப் பாலத்தாலதான் நாங்கள் வந்தனாங்கள், ஐயா." பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால். போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கூறியது. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வவுனியா, செட்டிகுளம் முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி கச்சான் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு கை எடுத்துக்கொண்டார்.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன். அன்று எங்கள் ஓவியரின் அம்புக்குறி கிழக்கே சென்ற அதே சாலையில் நாங்கள் எதிர்த்திசையில் சென்றோம். அந்த அம்புக்குறிக்கு ஐந்து மாதங்கள் பிடித்த தொலைவு காரில் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

பூநகரியில் முடிவு

பரந்தனிலிருந்து பூநகரி. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய சிறு கோட்டையின் சிதைவு இங்கே உண்டு. ஆனால் பூநகரியின் பழமை கோட்டையைவிட மிக மூத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் புஷ்பரட்ணம் இப்பகுதியில் மேற்பரப்பாய்வு செய்து, கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் கண்டெடுத்தார். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைக்கும் அதே வகை மட்பாண்டங்கள். அவர் பூநகரியைப் பற்றிய தமது நூலை வெளியிட்ட ஆண்டு 1993. அதே ஆண்டு நவம்பரில் பூநகரிப் படைமுகாம் மீது பெரும் தாக்குதல் நடந்தது. அந்தத் தாக்குதல் எங்கள் இதழில் முதல் பக்கச் செய்தி. அந்த நூல் வந்ததே எங்களுக்குத் தெரியாது.

இதைத்தான் நான் என் பிழையாகச் சொல்ல விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளாக வன்னியைப் பற்றி எழுதிய நாங்களும் பாதி வாக்கியத்தைத்தான் எழுதினோம். இறப்பை எழுதினோம். அது எழுதப்பட வேண்டியதே, இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. ஆனால் இறந்தவர்கள் எப்படிப்பட்ட நிலத்தின் மக்கள், எத்தனை நூற்றாண்டு உழைப்பின் வாரிசுகள் என்ற மறுபாதியை எழுதாமல் விட்டோம். வரலாறு இல்லாத வெறுங்காடு என்று எண்ணப்படும் நிலத்தில் எல்லைக்கல் நடுவது எளிது.

வாய்ப்புள்ள தமிழர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், ஒருமுறை இந்த வட்டத்தைச் சுற்றி வாருங்கள். மழைக்காலம் ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உகந்தவை. அவசரப்படாதீர்கள். நினைவிடங்களில் தலைவணங்குங்கள். அப்படியே ஒரு குளக்கரையிலும் அரை மணி நேரம் நில்லுங்கள்.

2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கணக்கை முடித்துக்கொண்டு விடைபெறும்போது ஓட்டுநர் கேட்டார். "ஐயா, எழுதுவியள்தானே?"

எழுதுகிறேன் என்றேன்.

"அப்ப குளத்தையும் எழுதுங்கோ."